மூன்வாக் அப்புறம், முதலில் ஹிட்: பாப்பிங் பழக வருகிறவர்களுக்கு

பாப்பிங் என்கிற தெரு ஆட்டத்தைப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, மூன்வாக் எத்தனை நாளில் வரும்?" முன்னால் நடப்பது போலக் காட்டிப் பின்னால் சறுக்குகிற அசைவு அது. அடுத்தது, ஒரு கை விரலில் தொடங்கி மறு கை விரல் வரைக்கும் ஓடுகிற அந்த அலையைப் பற்றி. இரண்டும் வரும். ஆனால் இவற்றை மட்டும் வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொண்டு வருகிறவர்கள் ஆடினால், பாட்டு ஒரு பக்கம் போகும், அவர்கள் ஒரு பக்கம் போவார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்று பார்க்கிற கூட்டம் அரை நிமிடம் கைதட்டிவிட்டுச் சுண்டல் வாங்கப் போய்விடும். பாப்பிங்குக்கு அடிப்படை ஹிட் என்கிற ஒரு சின்ன விஷயம். தசையைச் சட்டென்று இறுக்கி உடனே தளர்த்துவது, அவ்வளவுதான். அதிலும் எல்லோரும் இறுக்குவதையே பழகுகிறார்கள், தளர்த்துவதை யாரும் பழகுவதில்லை. இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் பிரேக் டான்ஸ், ஹிப் ஹாப், ரோபோட் டான்ஸ் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிடுகிறோம். தரையில் சுற்றுகிற பிரேக்கிங் நியூயார்க்கில் பிறந்தது, 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பார்த்தது அதைத்தான். பாப்பிங் அமெரிக்காவின் மறு கரை, கலிபோர்னியா. அங்கே ஃப்ரெஸ்னோ என்கிற ஊரைச் சேர்ந்த பூகலூ சாம் என்பவர், தொலைக்காட்சியில் லாக்கர்ஸ் என்ற குழு ஆடுவதைப் பார்த்துத் தூண்டப்பட்டுத் தனக்கென்று ஒரு பாணியை உருவாக்கினார். 1977-இல் அவர் தொடங்கிய குழுதான் பிறகு எலக்ட்ரிக் பூகலூஸ் என்று பெயர் பெற்றது. அவருடைய தம்பி பாப்பின் பீட்டும் அதில் ஆடியவர். அந்த லாக்கர்ஸ் குழுவோ டான் கேம்பல் லாஸ் ஏஞ்சலிஸில் உருவாக்கிய லாக்கிங் என்கிற ஆட்டத்தை ஆடியவர்கள், பாப்பிங்குக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் முன்னாலேயே, 1960-களிலிருந்து ஓக்லாந்துப் பக்கத்துக் கறுப்பின இளைஞர்கள் பூகலூ என்ற பெயரில் இதற்கு நெருக்கமான ஆட்டங்களை ஆடிக்கொண்டிருந்தார்கள், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்ட்ரட்டிங் என்று ஒன்று இருந்தது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று இன்றைக்கும் வாக்குவாதம் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் பின்னால் ஓடிய இசை ஃபங்க். வரலாறு இவ்வளவு தெரிந்தால் தொடங்குவதற்குப் போதும்.

முதல் வேலை: காது

ஒரு வாரம் ஆடவே ஆடாதீர்கள். கேளுங்கள்.

இதைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். நாம் வளர்ந்தது குத்துப் பாட்டில். மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது மேளக்காரர்கள் அடிக்கிற அடியைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் மூன்று மூன்றாக உருண்டு போகும், திஸ்ர நடை. அதற்கு நம் உடம்பு தானாகவே துள்ளும், யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஃபங்க் அப்படி உருளாது. நான்கு நான்காக, சதுஸ்ரத்தில், இடைவெளி விட்டு விட்டு அடிக்கும். ஃபங்க் இசையின் முன்னோடியான பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் வாத்தியக்காரர்களிடம் ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடிதான் முக்கியம் என்று வற்புறுத்தியவர், அந்த முதல் அடியில் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து விழும். அப்புறம் 2-இலும் 4-இலும் ஸ்னேர் டிரம்மோ கைதட்டல் ஒலியோ பளிச்சென்று கேட்கும். பாப்பிங் ஆடுகிறவர்கள் ஹிட் வைக்கிற முதல் இடம் இந்த 2-உம் 4-உம்தான்.

பழகுவதற்கு ஒரே ஒரு பாட்டு சொல்லச் சொன்னால், ஸாப் குழுவின் 'மோர் பவுன்ஸ் டு தி அவுன்ஸ்', 1980-இல் வந்தது. உலகம் முழுக்கப் பாப்பிங் ஆடுகிறவர்கள் இதில்தான் பழகுகிறார்கள். வேகம் அதிகமில்லை, கைதட்டல் ஒலி தனியாகத் தெரியும், நடுவில் ரோஜர் ட்ரவுட்மன் டாக் பாக்ஸ் என்ற கருவியின் குழாயை வாயில் வைத்துக்கொண்டு பாடுகிற அந்த இயந்திரக் குரல், அதைக் கேட்டாலே கை எப்படி அசைய வேண்டும் என்று ஓரளவு புரிந்துவிடும். உட்கார்ந்துகொண்டே கேளுங்கள். 1-க்கும் 3-க்கும் தொடையில் தட்டுங்கள், 2-க்கும் 4-க்கும் கைதட்டுங்கள். இது குழம்பாமல் பாட்டு முடியும்வரை வந்துவிட்டால் அடுத்ததாகப் பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். அப்புறம் பாடுகிற குரலை மட்டும். பேருந்தில் கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகிற ஒரு மணி நேரம் இதற்கு அருமையான நேரம். டிரைவர் பாட்டு போடாமல் இருந்தால்.

பரதநாட்டியம் படித்த பிள்ளைகளுக்கு இந்தக் கட்டம் சீக்கிரம் வந்துவிடும், எண்ணிக்கை அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அவர்களுக்குச் சிக்கல் அடுத்த கட்டத்தில்தான்.

ஹிட்: கையிலிருந்து தொடங்குங்கள்

நேராக நில்லுங்கள். வலது கையைத் தோள் உயரத்துக்கு முன்னால் நீட்டுங்கள், உள்ளங்கை கீழே பார்க்கட்டும், முழங்கை கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். இடது கையால் வலது கையின் மேற்பகுதியை, அதாவது முழங்கைக்கும் தோளுக்கும் நடுவே கீழ்ப்புறமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கிற தசைதான் ட்ரைசெப்ஸ். இப்போது கையை எங்கும் நகர்த்தாமல், அந்தத் தசையைச் சட்டென்று இறுக்குங்கள், இறுக்கிய கணமே விடுங்கள். பிடித்திருக்கிற இடது கைக்குத் தசை கல்லாகி மறுபடி மெத்தென்று ஆவது தெரிய வேண்டும். அது தெரிந்தால் ஹிட் தொடங்கிவிட்டது.

தெரியாதவர்களுக்கு ஒரு வழி: சுவருக்கு முன்னால் நின்று விரல் நுனிகளைச் சுவரில் லேசாக ஊன்றிக்கொண்டு, சுவரைத் தள்ளப்போகிறவர் மனம் மாறிவிட்டது போல ஒரு நொடியில் பாதி அழுத்தி நிறுத்துங்கள். கை நகர இடமில்லாததால் தசை மட்டும் வேலை செய்யும். இதைப் பத்து முறை செய்துவிட்டுச் சுவரிலிருந்து கையை எடுத்து அதையே காற்றில் செய்து பாருங்கள்.

இங்கே நடக்கிற தவறுகள் எல்லோருக்கும் பொது. தோள் எகிறும். கை முன்னும் பின்னும் உதறும். மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், தாடையையும் கடித்துக்கொள்வார்கள், முகம் சிவந்துபோகும். பக்கத்து வீட்டு அக்கா மாடிக்குத் துணி எடுக்க வந்தவர், "என்ன தம்பி, கரண்ட் அடிச்ச மாதிரி நிக்குற?" என்று கேட்பார். அவர் சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஷாக் அடித்தால் உடம்பு இறுகியபடியே நின்றுவிடும், நம் விருப்பத்துக்கு விடாது. ஹிட்டில் இறுக்கம் கண் இமைக்கிற நேரம்தான், மீதி நேரமெல்லாம் கை தூங்குகிற குழந்தையின் கை மாதிரித் தளர்ந்திருக்க வேண்டும். இரண்டு ஹிட்டுக்கு நடுவில் யாராவது உங்கள் கையைத் தூக்கிவிட்டு விட்டால் அது தொப்பென்று விழ வேண்டும். கூட்டாளி இருந்தால் இதை அவரைக்கொண்டே சோதியுங்கள், விழவில்லை என்றால் நீங்கள் இன்னும் விடவில்லை. ஏற்கெனவே இறுகியிருக்கிற தசையை மேலும் இறுக்கினால் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. மெலிந்த பையன்கள் ஆடும்போது பெரிதாகத் தெரிகிற ஹிட், ஜிம்முக்குப் போய்க் கையை உருட்டி வைத்திருக்கிறவருக்கு வராமல் இருப்பதற்கு இதுதான் காரணம். நாட்டியம் படித்த பிள்ளைகளும் இங்கேதான் திணறுவார்கள். கை எப்போதும் நேர்த்தியாக நிற்க வேண்டும் என்று வருடக்கணக்காகப் பழகியவர்களிடம் அதைத் தொங்கவிடு என்றால் மனம் வராது.

கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். போனில் மெட்ரோனோம், அதாவது ஒரே சீராக அடி தட்டிக் காட்டுகிற இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். ஒரு கைக்கு 20 ஹிட், கொஞ்சம் ஓய்வு, மறு கைக்கு 20. அது சுத்தமாக வந்தால் 80. அப்புறம் 100. நூறில் ஒவ்வொரு ஹிட்டுக்கும் நடுவில் கை முழுதாகத் தளர்ந்தால்தான் பாட்டுக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும், மறுநாள் கையும் தொடையும் வலிக்கும், அது சரிதான். மூட்டு வலித்தால் மட்டும் சரியில்லை.

கால், நெஞ்சு, கழுத்து

காலில் ஹிட் என்பது தொடையின் முன்பக்கத் தசையில் நடப்பது. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள், அரைமண்டி அளவுக்கெல்லாம் வேண்டாம், அதில் கால்வாசி. தொடையை இறுக்கி முழங்காலைப் பின்னால் தள்ளி உடனே பழைய இடத்துக்கு விடுங்கள். முக்கியமான எச்சரிக்கை: முழங்கால் முழுதாக நேராகி 'டக்' என்று பூட்டிக்கொள்கிற இடத்துக்குப் போகவே கூடாது, அதற்கு ஒரு விரல் முன்னால் நிறுத்த வேண்டும். பெரிய ஹிட் வேண்டும் என்ற ஆசையில் முழங்காலைப் பின்பக்கமாக அறைகிறவர்கள் சில மாதத்தில் மாடிப்படி ஏற முடியாமல் நிற்பார்கள். முழங்கைக்கும் இதே விதி.

நெஞ்சு: மேல் நெஞ்சைச் சிறிதளவு முன்னால் தட்டி விடுவது. முதுகை வளைக்க வேண்டாம், ஒரு அங்குலம் நகர்ந்தால் போதும். கழுத்தைக் கடைசியாக, மிகச் சின்னதாக. ஏற்கெனவே கழுத்து வலி இருக்கிறவர்கள் அதை விட்டேவிடலாம், யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள்.

பிறகு எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும், இதுதான் பொறுமையைச் சோதிக்கிற இடம். கை, கால், நெஞ்சு மூன்றும் ஒரே கணத்தில் இறுகி ஒரே கணத்தில் விட வேண்டும். ஆரம்பத்தில் கை முந்தும், கால் தாமதிக்கும். போனைப் பக்கவாட்டில் சுவரில் சாய்த்து வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தால் எது முந்துகிறது என்று தெளிவாகத் தெரியும். வீட்டுப் பீரோக் கண்ணாடி இதற்கு உதவாது, அதன் அகலத்துக்குப் பாதி உடம்புதான் தெரியும், தவிர கண்ணாடியைப் பார்த்தே பழகினால் தலை எப்போதும் ஒரே பக்கம் நிலைத்துவிடும். தளர்வான பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள், துணி அதிர்வது ஹிட்டைப் பெரிதாகக் காட்டும். அந்தக் காலத்தில் பாப்பர்கள் தொளதொளப்பான பேண்ட்டும் தோல் ஷூவும் போட்டு ஆடியதில் காரணம் இல்லாமல் இல்லை. ஒட்டிப் பிடிக்கிற ஜீன்ஸ் கூடாது.

ஃப்ரெஸ்னோ

பூகலூ சாமின் ஊர்ப் பெயரையே தாங்கிய அடிப்படை அசைவு. பார்க்கச் சாதாரணமாக இருக்கும், அதனால்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

முதலில் மெதுவான வடிவம். 1-க்கு உடம்பின் எடையை வலது காலுக்கு மாற்றி, வலது கையை முன்னால் இடுப்புக்கும் தோளுக்கும் நடு உயரத்துக்குக் கொண்டுபோங்கள். இடது கை பக்கவாட்டில் கீழே இருக்கட்டும். 2-க்கு முழு உடம்பிலும் ஹிட். 3-க்கு எடை இடது காலுக்கு, இப்போது இடது கை மேலே வரும், வலது கை இறங்கும். 4-க்கு ஹிட். இவ்வளவே. 1-உம் 3-உம் நகர்வதற்கு, 2-உம் 4-உம் அடிப்பதற்கு. மேலே கேட்ட ஸ்னேர் ஒலியில் உங்கள் ஹிட் விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் பாட்டும் நீங்களும் ஒன்றாகிவிட்டதை உடம்பே சொல்லும். யூடியூபில் வேகத்தை 0.75-க்குக் குறைத்தும் பழகலாம்.

இது வந்தபிறகு ஒவ்வொரு பீட்டுக்கும் ஹிட். அப்புறம் கையின் உயரத்தை மாற்றுங்கள், தலையைத் திருப்புங்கள், ஒரு அடி முன்னால் வைத்து ஆடுங்கள், பாதி திரும்பி ஆடுங்கள். ஒரு முழுப் பாட்டுக்கும் ஃப்ரெஸ்னோ மட்டுமே ஆடி, பார்க்கிறவருக்கு அலுக்காமல் இருக்கச் செய்ய முடிகிறவர்கள் இருக்கிறார்கள். பாப்பின் பீட்டின் பழைய வீடியோக்களைத் தேடிப் பாருங்கள், அவர் ஒன்றுமே செய்யாதது போலத்தான் இருக்கும், கண்ணை எடுக்க முடியாது.

இதோடு சேர்த்துப் பழக வேண்டியது நிறுத்தம். டைம் ஸ்டாப் (dime stop) என்பார்கள். கையை இடுப்பிலிருந்து தோள் உயரம் வரைக்கும் நான்கு எண்ணிக்கைக்கு ஒரே சீரான வேகத்தில் தூக்கி, நான்காவதில் அசைவே இல்லாமல் நிறுத்துங்கள். நிறுத்தும்போது கை கொஞ்சம்கூடத் துள்ளக் கூடாது, வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தும் நிற்கக் கூடாது. ஓடுகிற வீடியோவை இடையில் நிறுத்தினால் எப்படி நிற்குமோ அப்படி. இதில் ஹிட் கிடையாது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரோபோட், அனிமேஷன், ஸ்ட்ரோபிங் என்று பின்னால் வருகிற வகைகள் பலவும் இந்த நிறுத்தத்தின் மேல் கட்டியவை.

எங்கே, எப்போது பழகுவது

நம் ஊரில் இதற்கு வெயிலையும் தரையையும் யோசிக்காமல் ஒன்றும் நடக்காது. தொடங்குகிறவர்களுக்கு மொட்டை மாடிதான் சிறந்தது, காலை ஏழு மணிக்குள், இல்லை மாலை கடல்காற்று வந்தபிறகு. ஆடுவதற்கு முன்னால் துணிக்கொடியைக் கழற்றி வையுங்கள். சரியாகக் கழுத்து உயரத்தில் இருக்கும், பின்னால் நகரும்போது யாருக்கும் அது நினைவு வராது. கீழ் வீட்டில் குடியிருப்பவர்களிடம் முன்னமே ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது, பாட்டின் சத்தத்தைவிட காலின் சத்தம்தான் கீழே அதிகம் கேட்கும்.

புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. மாலையிலிருந்து மறுநாள் காலைவரை வண்டி விட மாட்டார்கள், காந்தி சிலையைச் சுற்றிக் கூட்டம் இருக்கும், அதைத் தாண்டித் தெற்கே நடந்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். விடிகாலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் வந்தாலும் தொல்லை தர மாட்டார்கள், ஸ்பீக்கரை மட்டும் அலற விடாதீர்கள், தியானம் பண்ணுகிறவர்கள் இருப்பார்கள். பாரதி பூங்காவில் நிழல் உண்டு, ஆனால் குடும்பங்கள் வருகிற இடம், ஸ்பீக்கர் வைத்தால் காவலாளி வருவார், இயர்போன் போதும். கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரம் நல்ல இடம், கிரிக்கெட் பந்துக்கு ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக் கடற்கரை மணலில் ஹிட் பழக வேண்டாம், மணல் எல்லா அதிர்வையும் வாங்கிக்கொள்ளும், காலில் அடித்தது உங்களுக்கே தெரியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே எங்கும் முடியாது. அப்போது வீட்டுக் கூடத்தில் அலையும் வழுக்கலும் பழகலாம், அதற்கு அந்த மொசைக் தரைதான் வேண்டும்.

இன்னொன்று, வியர்வை. இங்கே காற்றில் இருக்கிற ஈரத்துக்கு இருபது நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். ஒரு துண்டும், உப்புப் போட்ட மோரும் கையில் இருக்கட்டும்.

அலை

ஹிட்டும் ஃப்ரெஸ்னோவும் பாட்டோடு ஒட்டுகிற அளவுக்கு வந்துவிட்டதா? சரி, இப்போது நீங்கள் கேட்ட விஷயங்களுக்கு வரலாம்.

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டுங்கள். வலது கை விரல்களை மட்டும் கீழே மடக்குங்கள், வேறு எதுவும் அசையக் கூடாது. அடுத்தது, மணிக்கட்டு மேலே எழும்பும், விரல்கள் நிமிரத் தொடங்கும். அடுத்தது முழங்கை எழும்பும், மணிக்கட்டு இறங்கும். அடுத்தது தோள் எழும்பும், முழங்கை இறங்கும். பிறகு நெஞ்சு லேசாக எழும்பி இடது தோளுக்குக் கொடுக்கும், அங்கிருந்து அதே வரிசை தலைகீழாக விரல்வரை போகும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தி நிறுத்திப் பழகுங்கள், முதலிலேயே வழுவழுப்பாகச் செய்ய நினைத்தால் கை முழுக்க ஒரே நேரத்தில் ஆடும், புடவை முந்தானை பறக்கிற மாதிரி, அலை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. எல்லோருக்கும் முழங்கைதான் எழும்ப மறுக்கும். உள்ளங்கை தரையைப் பார்த்தே இருக்க, முழங்கையின் முனை மட்டும் பின்பக்கம் பார்க்கும்படி கையைத் தோளிலிருந்து கொஞ்சம் உருட்டி வைத்தால் வழி திறக்கும். கண்ணும் அலையோடு போக வேண்டும். பார்க்கிறவர் உங்கள் கையைப் பார்ப்பதைவிட உங்கள் கண் எங்கே பார்க்கிறது என்பதைத்தான் பின்தொடர்வார்.

இந்த அலைக்கு ஆங்கிலத்தில் வேவிங் என்று பெயர். வேவிங்கும் பாப்பிங்கும் வேறு வேறு என்று கறாராகச் சொல்கிறவர்கள் உண்டு. வேறுதான், ஆனால் ஒரே ஆட்டத்துக்குள் சேர்ந்தே இருக்கின்றன. அலை ஓடி முடிகிற இடத்தில் ஒரு ஹிட் வைத்தால் இரண்டுமே கூர்மையாகத் தெரியும்.

மூன்வாக்

மைக்கேல் ஜாக்சன் 1983 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆடிக் காட்டியதும் உலகம் முழுக்க அது அவருடையதாகிவிட்டது. தெருவில் அதற்குப் பெயர் பேக்ஸ்லைட். அதற்கு முந்தைய வருடமே பாடகரும் ஆட்டக்காரருமான ஜெஃப்ரி டேனியல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் அதை ஆடியிருக்கிறார், ஜாக்சனுக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர்களிலும் அவர் ஒருவர். அதற்கும் வெகு முன்னால், 1950-களிலேயே, ஷூவால் தரையில் தாளம் தட்டி ஆடுகிற டாப் (tap) டான்ஸர் பில் பெய்லி ஆடியது படச்சுருளில் இருக்கிறது.

செய்முறை சின்னது. இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, வலது குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நில்லுங்கள். உடம்பின் எடை முழுக்க அந்த வலது முன்பாதத்தில் இருக்கட்டும். இடது பாதம் தட்டையாக, எடையே இல்லாமல் தரையில் பட்டும் படாமலும் இருக்க, அதைப் பின்னால் இழுங்கள். இழுத்து முடிந்ததும் ஒரே கணத்தில் மாற்று: இடது குதிகால் மேலே, வலது குதிகால் கீழே. எடையும் அதே கணத்தில் மாற வேண்டும். எல்லாத் தவறும் இந்த மாற்றத்தில்தான் நடக்கும். எடை சறுக்குகிற காலில் கொஞ்சம் தங்கினாலும் கால் இழுபடும், சத்தம் வரும். சறுக்குகிற பாதத்தின் குதிகாலும் எழும்பக் கூடாது. தலை மேலும் கீழும் போகாமல் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று வீடியோவில் பாருங்கள்.

சாக்ஸ் போட்டு மொசைக் தரையில் தொடங்குவது எளிது, ஆனால் ஈரம் இருந்தால் மண்டை உடையும், மாப் போட்ட கையோடு ஆடாதீர்கள். பழைய வீடுகளின் சிவப்பு ஆக்ஸைடு தரை இதற்கென்றே போட்டது மாதிரி இருக்கும். அப்புறம் ஷூவுக்கு மாறுங்கள். புதிய ரப்பர் அடி ஷூ பிடித்துக்கொள்ளும், அடி தேய்ந்த பழைய கேன்வாஸ் ஷூ இருந்தால் தூக்கிப் போடாமல் இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து வந்தால் அடியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு வாருங்கள், தரை கீறினால் வீட்டில் ஆட்டமே நின்றுபோகும்.

வகுப்பு, வீடியோ, ஆட்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் 'வெஸ்டர்ன் டான்ஸ்' என்று போர்டு போட்ட வகுப்புகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவற்றில் ஒரு சினிமாப் பாட்டை எடுத்து, ஆண்டு விழாவுக்கு ஏற்ற மாதிரி வரிசையாக அசைவுகளைச் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அது பாப்பிங் இல்லை. சேருமுன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: முதல் மாதம் என்ன சொல்லித் தருவீர்கள்? ஹிட், ஃப்ரெஸ்னோ, பாட்டுக் கேட்பது என்று பதில் வந்தால் சேரலாம். முதல் வாரமே மேடைக்கு ஒரு ஐட்டம் தயார் பண்ணலாம் என்றால் வேண்டாம். மே மாத விடுமுறையில் பத்து நாளில் பாப்பிங் என்று விளம்பரம் வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வீடியோ பார்த்துக் கற்பதென்றால், ரீல்ஸ் வேண்டாம், பதினைந்து விநாடியில் தந்திரம் மட்டும்தான் தெரியும். பூகலூ சாம், பாப்பின் பீட், மிஸ்டர் விக்கிள்ஸ் ஆகியோர் சொல்லித் தருகிற பழைய நீளமான வீடியோக்களைத் தேடுங்கள், படம் மங்கலாக இருக்கும், விஷயம் மங்கலாக இருக்காது. கொஞ்சம் பழகியபிறகு பிரான்ஸின் சலா, ஜப்பானின் குச்சோன் இருவரையும் பாருங்கள். ஒருவர் கோமாளி மாதிரி கதை சொல்லி ஆடுவார், மற்றவர் அளந்து வைத்தது போல ஆடுவார், அடிப்படை இருவருக்கும் ஒன்றே. பாரிஸில் 2002-இல் தொடங்கிய ஜூஸ்த் தெபூ போட்டியில் பாப்பிங்குக்குத் தனிப் பிரிவே உண்டு, இருவர் இருவராக மோதுவார்கள். சித்தப்பா, அத்தை யாராவது பாரிஸில் இருக்கிற புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அது நேரில் பார்க்கக்கூடிய தூரம்தான். மற்றவர்களுக்கு அதன் வீடியோக்கள் நிறையக் கிடைக்கும்.

தனியாகப் பழகுவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. ஒரு கூட்டாளியாவது தேடிக்கொள்ளுங்கள், அவர் உங்களைவிடச் சுமாராக ஆடினாலும் பரவாயில்லை. நான்கு பேர் சேர்ந்தால் வட்டமாக நின்று ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போய் ஆடலாம், சைஃபர் என்பது அதுதான். உள்ளே போகிறவர் இரண்டு மூன்று எட்டு எண்ணிக்கைக்கு ஆடிவிட்டு வெளியே வர வேண்டும், பாட்டு முழுக்க இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை. இன்னொருவர் ஆடும்போது அவருக்கு முன்னால் குறுக்கே போகாதீர்கள். அவர் செய்த அசைவை அப்படியே திருப்பிச் செய்து காட்டினால் கிண்டல் பண்ணுவதாக எடுத்துக்கொள்வார்கள், உங்களுக்கு அது பிடித்திருந்தால் ஆடி முடித்தபிறகு கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். போட்டிகளுக்குப் பெயர் கொடுக்க அவசரம் வேண்டாம். கொடுத்தால், எந்தப் பாட்டு வரும் என்று தெரியாது, டிஜே போடுவதுதான், தயார் பண்ணிக்கொண்டு போன வரிசை அங்கே உதவாது. பாட்டு தொடங்கியதும் உடனே பாயாமல் முதல் எட்டு எண்ணிக்கை நின்று கேளுங்கள், ஸ்னேர் எங்கே விழுகிறது என்று பிடித்துக்கொண்டு அதில் ஒரு சுத்தமான ஹிட் வையுங்கள். எதிரில் நிற்கிறவருக்கும் நடுவருக்கும் நீங்கள் எங்கிருந்து தொடங்கியவர் என்று அந்த ஒன்றிலேயே தெரிந்துவிடும்.